ஜவளகிரி மலையில் துணைக்கு வந்த வாட்சர்

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், ஓசூர் கம்பெனி நண்பர்கள் கடைசி நேரத்தில் வராமல் போகவே, ஜவளகிரிப் பக்கம் நான் மட்டும் மலையேறப் போனேன். வனத்துறை வாட்சர் ஒருவர் துணைக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, வெளுத்துப்போன காக்கிச் சட்டை. அடிக்கடி ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார்.

புரச மரங்கள் சிவக்கப் பூத்திருந்த வளைவில் திரும்பியதும், முப்பதடி தூரத்தில் ஒற்றை யானை நின்றது.

"ஓடாதீங்க சார்" என்றார் மெதுவாக. பிறகு யானையைப் பார்த்து, "ஹோகப்பா, ஹோகு" என்று கன்னடத்தில் போகச் சொல்லிக் கெஞ்சினார். அது காதை விரித்து எங்களையே பார்த்தது. எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் மூங்கில் புதருக்குள் இறங்கிப் போனது.

"உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டி, திறந்து தரச் சொன்னார்.

"பயமில்லாம என்னங்க சார்? நீங்க ஓடியிருந்தா நானும் ஓடியிருப்பேன். நீங்க அசையாம நின்னீங்க, அந்த தைரியத்துலதான் நானும் நின்னேன்."

எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது என்பதை நான் சொல்லவில்லை. இறங்கும் வழியெல்லாம் அவர் என் தோளை ஒட்டியே நடந்தார்.