புரையேறாத பாஸ்தா சாலட்

பக்கவாதம் வந்த என் கணவருக்குக் கை, கால் ஓரளவு திரும்பிவிட்டன. தொண்டைதான் சொன்னபடி கேட்கவில்லை. மூக்குக் குழாயை எடுத்த அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சாப்பாடு வழிதவறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, தண்ணீரைவிடக் குழைவான உணவுதான் நல்லது என்றார். அன்றிலிருந்து என் கணவர் விழுங்கும்போதெல்லாம் நானும் எச்சில் விழுங்கினேன்.

நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்து ஒரு சட்டிச் சோற்றைக் காலி செய்த மனுஷன், குழைத்த சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் பாஸ்தா சாலட் படம் அனுப்பி, எண்ணெயும் காரமும் இல்லாமல் லேசாக இருக்கும், நன்றாக வேகவைத்துக் கொடு என்றாள். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"நீ அங்க இருந்துகினு சொல்லுவ, ஊட்டப் போறது நானு" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போய்ச் சின்ன மக்ரோனி வாங்கி வந்தேன்.

பாக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கு மேலேயே வேகவிட்டு, ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்தேன். வடித்து ஆறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் பிசறினேன். வெள்ளரிக்காயைத் தோலும் விதையும் நீக்கித் துருவி, ஆவியில் வேகவைத்துச் சேர்த்தேன். மிளகுத்தூளைக் கையில் எடுத்தவள், இருமல் வந்தால் என்ன செய்வது என்று டப்பாவிலேயே போட்டுவிட்டேன். மைன்ஸில் மதிய வெடி வைத்து ஜன்னல் அதிர்ந்து அடங்கிய பிறகுதான் ஊட்ட உட்கார்ந்தேன். அந்தச் சத்தத்தில் அவர் திடுக்கிட்டால்கூடப் புரையேறுமே.

கால் ஸ்பூன் கொடுத்தேன். இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. மூன்றாவதில் புரையேறிவிட்டது. முகம் சிவந்து, கண் பிதுங்க இருமினார். புரையேறினால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்த எதுவுமே எனக்கு ஞாபகம் வரவில்லை. எல்லார் வீட்டிலும் செய்வதுபோல உச்சந்தலையில் தட்டித் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க, யாரோ நெனைக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அழுகையில் குரல் உடைந்தது.

இருமல் நின்றது. மூச்சு சீரான பிறகு, கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நீதான் நெனைக்கிற. செத்தவன நெனைக்கிற மாரி நெனைக்காத."

சொல்லிவிட்டு வாயைத் திறந்து காத்திருந்தார். என்னால்தான் ஸ்பூனைத் தூக்க முடியவில்லை.