ஜமீல் பாயின் கைக்குட்டை

பாலக்கரையில் பேன்ட் தைக்கும் ஜமீல் பாய்க்கு எதையும் துடைக்காமல் இருக்க முடியாது. கத்தரியைத் துடைப்பார், டீ கிளாஸைத் துடைப்பார். நிக்காஹ் அன்றுகூட மாப்பிள்ளை நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். அவர் சம்சாரம் சுராயா சொன்னது.

நான் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். பதினெட்டு வருஷமாக அவரும் நானும் கிளப்பில் செஸ் ஆடுகிறோம். இருவரும் ஒரே தரம், அதாவது ஒரே அளவு மோசம். ஆளுக்கு நாற்பத்தாறு வெற்றி.

போன ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் போட்டி. கடைசி ரவுண்டில் நாங்கள் இருவரும். ஜெயித்தவருக்குக் கப். பன்னிரண்டு நாளுக்கு முன்தான் எனக்குப் பேத்தி பிறந்திருந்தாள். உலக அழகி. மூக்கு மட்டும் என்னுடையது, பாவம். கப்பைத் தொட்டில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுப்பேன் என்று வீட்டிலும் பாயிடமும் சவால் விட்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் மண்டபம் முழுக்க மணப்பாறை முறுக்கு கொடுத்தேன். பாய் ஒன்றைக் கடித்துவிட்டு அதே கையால் ராணியை நகர்த்தினார். நான் என் காயை நகர்த்தினேன். மறுபடி அவர் முறை. ராணி எண்ணெயில் பளபளத்தது. பாய்க்குப் பொறுக்கவில்லை. கைக்குட்டையை எடுத்தார், ராணியைத் தூக்கினார், துடைத்தார்.

"பாய், தொட்டுட்டீங்க! ராணியைத்தான் ஆடணும்."

"யோவ் அருளு, துடைக்கத்தானேய்யா எடுத்தேன்!"

"சொல்லிட்டுல்ல தொடணும்?"

வாயில் முறுக்கோடு நடுவர் தலையாட்டினார். "ரூல் அதாங்க. தொட்ட காயைத்தான் நகர்த்தணும்."

"முறுக்கைக் குடுத்து முதுகுல குத்துறீங்களே, நல்லாருங்க!"

ராணி எங்கே போனாலும் வெட்டுப்படும். கோபத்தில் பாய் அதை என் ராஜா பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்து "செக்" என்றார். யானையால் வெட்டினேன். பாயின் குதிரை ராணிக்குக் காவல் நின்றதால் ராஜாவால் வெட்ட முடியாது, வேறு வழியில்லை. அந்த யானையே என் ராஜாவுக்கு வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பாயின் குதிரை தாவியது. மேட்.

அவரே இரண்டு முறை எட்டிப் பார்த்துத்தான் நம்பினார்.

மறுநாள் கப்போடு வீட்டுக்கு வந்தார். "போட்டோ எடுத்துக்கங்க. அப்புறம் கப்பை எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றபடி பேத்தியை மடியில் வாங்கினார். அவள் மூக்கு என்னுடையதாக இருந்தாலும் குணம் தங்கம். மடியிலேயே வேலையை முடித்துவிட்டாள்.

பாய் கைக்குட்டையை எடுத்துப் பேத்தியைத் துடைக்கத் தொடங்கினார்.

"தொட்டுட்டீங்க பாய்," என்றேன். "இனி முழுசாக் கழுவிவிடுறது நீங்கதான்."