விளக்கெண்ணெயும் ஆறு கிராம்பும்

"விளக்கெண்ணெய் ஒரு பங்கு, தேங்காயெண்ணெய் இரண்டு பங்கு, கிராம்பு ஆறு." 12.6.1979 என்று தேதியிட்ட இந்தச் சீட்டு அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது. நேற்று கொச்சியின் கலூரில் ஒரு சலூனைக் கடந்தபோது அதே வாசனை வந்ததால் தேடி எடுத்தேன்.

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குக்குப் பின்னால், இன்று தங்கும் விடுதியாகிவிட்ட எங்கள் ஒற்றை அறையில், ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி, கிராம்போடு காய்ச்சி ஆறிய அந்த எண்ணெயைத் தாடையில் தேய்த்து ஊறவிட்டு, அதன்மேல் சோப்பு நுரை பூசித்தான் அப்பா சவரம் செய்வார். அவர் கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன, எண்ணெய் இருந்தால் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும். கிடங்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. வெலிங்டன் தீவில் ஒரு கம்பெனி, காவலாளி வேலைக்கு அன்று நேரில் வரச் சொல்லியிருந்தது.

"நான் வழிச்சு விடறேங்க. ஒரு வெட்டு விழுந்தாப் போதும், கை ஆடறது தெரிஞ்சுடும்," என்றாள் அம்மா.

"இதையே செய்ய முடியலேன்னா அங்க போய் என்ன செய்ய? நீ இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடு."

அரை மணி நேரம் ஆனது. ஒரு கீறல்கூட இல்லை.

"கல்யாண மாப்பிள்ளை தோத்தான் உங்ககிட்ட," என்றாள் அம்மா. ஒன்பது வயது நானும் சிரித்தேன்.

மதியப் படகில் திரும்பியவர் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"மூஞ்சிய யாரும் பார்க்கலடீ. பேரெழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. பேனா காகிதத்தைக் கிழிச்சுடுச்சு."

அன்று வந்த எல்லோரிடமும் கையெழுத்துக் கேட்டார்களா, அல்லது அப்பாவின் கையைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருந்தார்களா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.