வாய்க்கால் அக்காவின் குரல்

ஒரு பெண்ணைக் குடிகாரி என்று நாற்பது பேர் கூடியிருந்த கூட்டத்தில் சொன்னவன் நான். அவர் குடித்திருக்கவில்லை. நோயாளியாக இருந்தார். இது நடந்து ஆறேழு வருடங்களாகின்றன. மல்லாவிக்கு அப்பால், குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிற எங்கள் குடியேற்றத் திட்டத்தில் நடந்தது. எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இதை இன்னும் தள்ளிப்போட எனக்கு விருப்பமில்லை.

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். அப்போது எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குத் தலைவராகவும் இருந்தேன். மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது. முறை வைத்துத்தான் விடுவோம். எங்கள் கிளைவாய்க்காலில் இருபத்துமூன்று காணிகள். வாய்க்காலின் இரும்புக் கதவுப் பூட்டின் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, வைத்திருந்து கதவைத் திறப்பது, எந்தக் காணிக்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்பது, அடுத்தவரைக் கூப்பிடுவது, இதற்கெல்லாம் ஒருவர் பொறுப்பு. மீள்குடியேறி வந்த முதல் வருடத்திலிருந்தே அந்தப் பொறுப்பு நான் சொன்ன அந்தப் பெண்ணிடம் இருந்தது. அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. ஒரே மகள் வவுனியாவில் கல்யாணம் செய்து இருந்தாள். பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் வாய்க்கால் அக்கா.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது ஊரில் மின்சாரம் இல்லை, கூரைத் தகரங்களுக்குக் கீழே பாதிச் சுவர், வயலெல்லாம் பற்றை. விடியற்காலையில் கதவடியில் நின்று அவர் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். "மூலைக்காணி அண்ணை, உங்கட முறை! மண்வெட்டியோடை வாங்கோ, கதை பிறகு பறையலாம்!" கடைசிக் காணியில் நிற்பவருக்கும் அது கேட்கும். என் காணி பதினோராவது. "மாஸ்ரர், தண்ணி வருது! மணி அடிச்சிட்டுது, வகுப்புக்கு வாங்கோ!" என்று எனக்கு மட்டும் ஒரு கிண்டல் வைத்திருந்தார். வரம்புகளில் நிற்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு மண்வெட்டியை எடுப்பேன். ஊர் மறுபடி ஊராகிவிட்டது என்று எனக்கு நம்பிக்கை வந்தது கோயில் மணியால் அல்ல, அந்தச் சத்தத்தால்தான்.

பிறகு அந்தக் குரல் கெடத் தொடங்கியது. முதலில் சளி பிடித்த தடிமன் குரல் போல இருந்தது. தடிமன் மாறும், இது மாறவில்லை. ஒரு வருடத்துக்குள் ஆணின் குரல் போலக் கரகரத்துப்போனது. பேச்சும் மெதுவானது, நாக்குத் தடித்தவர் பேசுவதுபோல. காலையில் முகம் ஊதியிருக்கும், கண்மடல்கள் வீங்கியிருக்கும். உடம்பு வைத்தது, ஆனால் சாப்பாடு குறைந்துவிட்டது என்று என் மனைவி சொன்னார். ஆடி மாத வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வாய்க்காலுக்கு வருவார். பெடியன்கள், "அக்கா, நுவரெலியாக் குளிருக்கோ பயணம்?" என்று கேட்பார்கள். முன்பென்றால் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பார். இப்போது சிரிக்கக்கூட நேரமெடுத்தது. யாருடைய முறை முடிந்தது, யாருடைய முறை வருகிறது என்பதை மறந்தார். நின்ற இடத்தில் சாய்ந்து நித்திரையானார்.

எங்கள் ஊருக்குப் பின்னால் காட்டுக்கரையில் சிலர் கசிப்புச் சாராயம் காய்ச்சுவது எல்லோருக்கும் தெரியும். வீங்கிய முகம், தடித்த நாக்கு, பகல் நித்திரை. ஊர் கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. முதலில் நான் அதை நம்பவில்லை. நம்பியது ஒரு மத்தியானத்தில்.

அன்று கடைசி மூன்று காணிகளுக்குத் தண்ணீர் போகவில்லை. நெல் குடலைப் பருவம், கதிர் வெளிவரப் போகிற நேரம். அந்த நேரத்தில் ஒரு முறை தவறினால் பதர்தான். மூன்று பேரும் கத்திக்கொண்டு என்னிடம் வந்தார்கள். போய்ப் பார்த்தால், மேலே ஒரு காணி நிரம்பி வழிந்து தண்ணீர் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் மருதமரத்தடியில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சாராயப் போத்தல், பாதிக்கு மங்கிய நிறத்தில் ஏதோ இருந்தது. மண்ணெண்ணெய்க்கும், நல்லெண்ணெய்க்கும், தேனுக்கும் எங்கள் வீடுகளில் எல்லோரும் வைத்திருப்பது அந்தப் போத்தலைத்தான். என் வீட்டிலும் நாலு உண்டு. அதற்குள் இருந்தது கொத்தமல்லி அவித்த தண்ணீர், தொண்டைக்காக அவர் குடித்தது என்று பின்னாளில் என் மனைவி கேட்டறிந்து சொன்னார். குனிந்து மணந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முப்பது வருடம் ஆய்வுகூடத்தில் நின்று, எதையும் பரிசோதிக்காமல் முடிவு சொல்லாதே என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன், குனியவில்லை.

அந்தக் கிழமை கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: "குடிவெறியிலை படுக்கிறவையிட்டை கதவுத் திறப்பைக் குடுத்து வைக்கேலாது."

அவர் எழுந்து ஏதோ சொல்ல முயன்றார். கரகரவென்று பாதிச் சொல்தான் வந்தது. பின்வரிசையில் ஒருவர், "குரலைக் கேளுங்கோ, இன்னும் இறங்கேல்லை!" என்றார். சிரிப்பு எழுந்தது. தலைவராக நான் அதை அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. அவர் இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, மிக மெதுவாக நடந்து போனார். அந்த நடையைக்கூட நான் வெறி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பொறுப்பு ஒரு பெடியனிடம் போனது. அவன் கைத்தொலைபேசியில் எல்லோருக்கும் செய்தி போட்டான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த சிறுபோகம் முழுவதும் விடியற்காலைகள் ஊமையாக இருந்தன. அவரைக் கடையிலோ கோயிலிலோ காண்பது அரிதானது. வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார் என்றார்கள். பெண்கள் அவருடைய வேலியால் போகும்போது பேச்சை நிறுத்தினார்கள்.

அந்த வருட முடிவில் என் மனைவியின் கழுத்தில் ஒரு சிறு கட்டி தெரிந்தது. கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் ஓர் இளம்பெண். கழுத்தைத் தடவிப் பார்த்து, விழுங்கச் சொல்லிப் பார்த்து, இது தைரொயிட் சுரப்பியில் வந்த கட்டி, ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் செய்யவேண்டும் என்றார். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"அம்மா, குளிர் வழக்கத்தை விடக் கூடத் தெரியுதோ?"

"இந்த வெக்கைக்குள்ளை எங்கையிருந்து குளிர்?" என்றார் மனைவி.

"குரல் மாறி, கரகரப்பா இருக்குதோ?"

"இல்லை."

"ஓம்" என்றேன் நான்.

வைத்தியர் என்னைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். காலையில் முகம் ஊதுமோ? பகலில் நித்திரை அடிக்குமோ? மறதி? சாப்பாடு குறைந்தும் உடம்பு வைக்குமோ? மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுவது? மனைவி ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். என் வாய் என்னையறியாமல் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வைத்தியர் பேனையை வைத்தார். "ஐயா, நோய் வருத்தம் அம்மாவுக்கோ உங்களுக்கோ?"

"இவர் பள்ளிக்கூடத்திலையும் இப்பிடித்தான் டொக்டர். பிள்ளையள் வாய் திறக்க முன்னம் மறுமொழியைத் தானே சொல்லிப்போடுவார்" என்றார் மனைவி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் ஒருவருக்கு இதெல்லாம் இருக்கிறது, ஆனால் கழுத்தில் வீக்கமே இல்லை என்றேன். அதுதான் என் படிப்பு. வண்ணத்துப்பூச்சி வடிவில் அந்தச் சுரப்பியை எத்தனை கரும்பலகைகளில் கீறியிருப்பேன்! அயடீன் குறைந்தால் கழலை வரும், அயடீன் உப்புச் சாப்பிட்டால் வராது. அந்த இரண்டு வரிகளோடு பாடத்தை முடித்துவிடுவேன்.

"கழுத்து வீங்காமலும் சுரப்பி களைச்சுப்போகும் ஐயா" என்றார் வைத்தியர். "அயடீன் மட்டுமில்லை. எங்கட உடம்பின்ரை எதிர்ப்புச்சக்தியே சில பேருக்கு அந்தச் சுரப்பியை எதிரியெண்டு நினைச்சு அழிச்சுக்கொண்டு வரும். பொம்பிளையளுக்குத்தான் கூட. சுரப்பி வேலை செய்யாட்டி, மூளைக்குக் கீழை இருக்கிற இன்னொரு சுரப்பி அதை இன்னும் உரத்துக் கூப்பிடும். அந்தக் கூப்பிடுதல் எவ்வளவு உரப்பெண்டுதான் இரத்தத்திலை பாக்கிறம். சின்னப் பரிசோதனை. ஆனா விட்டு வைச்சா இருதயத்தைப் பாதிக்கும், மயங்கியும் விழுவினம். கெதியாக் கூட்டிக்கொண்டு வாங்கோ." பிறகு, எழுதிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்: "சனம் இதைச் சோம்பல் எண்டும், வெறி எண்டும் சொல்லிப்போடும். பாவங்கள்."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் வைத்தியர் கேட்ட கேள்விகள் ஒன்றுமே இல்லை.

பஸ்ஸில் வந்து மாங்குளத்தில் இறங்கினோம். மல்லாவிப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது மனைவி, "நாளைக்கு நீங்கள்தான் போய்ச் சொல்லவேணும்" என்றார்.

"நான் போய்ச் சொன்னால் கேப்பாவோ?"

"கேக்கமாட்டா. அதுக்காகப் போகாமல் விடுறதோ?"

போனேன். படலைக்கு உள்ளே, கம்பளிச் சட்டைக்கு மேல் துவாயும் போர்த்துக்கொண்டு நின்றார். அவருடைய புருவத்தின் ஓரங்கள் கொட்டிப்போயிருந்ததை அன்றுதான் பார்த்தேன். நான் சொல்லி முடிக்கும் வரை படலையைத் திறக்கவில்லை. பிறகு அந்தக் கரகரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக, "மாஸ்ரர், அண்டைக்கு வெறியெண்டு கண்டுபிடிச்சனீங்கள். இண்டைக்கு வருத்தமெண்டு கண்டுபிடிச்சிருக்கிறியள். நாளைக்கு என்ன?" என்று கேட்டார்.

"பிழை விட்டிட்டன் தங்கச்சி" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் மனைவி போனார். குசினிக்குள் இருந்து தேங்காய் துருவிக் கொடுத்து, சோறு சமைத்து, இருவருமாகச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகுதான் கதையைத் தொடங்கினாராம். நான்கு நாளில் இருவரும் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினார்கள். மனைவியின் பரிசோதனை முடிவுகளும் அன்றுதான் வந்தன. கட்டி பயப்படக்கூடியது இல்லை, சுரப்பி நன்றாக வேலை செய்கிறது. அக்காவின் இரத்த முடிவு வந்தபோது, இவ்வளவு நாள் எப்படி நடந்து திரிந்தீர்கள் என்று வைத்தியர் கேட்டாராம். மருந்து ஒரு சின்னக் குளிசை. விடிய எழும்பி வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடவேண்டும், அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தேத்தண்ணீர். "வருத்தத்தைப் பொறுத்தன், இந்த அரை மணித்தியாலத்தைத்தான் பொறுக்கேலாமல் கிடக்கு" என்று அவர் சொன்னதாக மனைவி வந்து சிரித்தார். அந்த வீட்டிலிருந்து ஒரு பகிடி வந்து சேர எவ்வளவு காலமாகியிருந்தது!

பங்குனியில் சிறுபோகக் கூட்டம். முதலாவது விடயமாக என் பேச்சை எடுக்கச் சொன்னேன். போத்தலை மணக்காமல் விட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "விடுங்கோ மாஸ்ரர், அது முடிஞ்ச கதை" என்றார் ஒருவர். "உங்களுக்கு முடிஞ்சுது. நாற்பது பேருக்கு முன்னாலை சொன்னதை நாற்பது பேருக்கு முன்னாலைதான் திரும்ப எடுக்கவேணும்" என்றேன். தலைவர் பதவியை விட்டேன். அன்று பின்வரிசையிலிருந்து கிண்டலடித்தவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். சொல்லி அனுப்பியும் வாய்க்கால் அக்கா கூட்டத்துக்கு வரவில்லை. பெடியன் திறப்பைக் கொண்டுபோய் நீட்டியபோது, "குரல் வரட்டும், பாப்பம்" என்றாராம்.

குளிசையின் அளவை இரண்டு முறை கூட்டினார்கள். முகம் வடிந்தது. கம்பளிச் சட்டை கொடியில் காய்ந்ததைப் பார்த்தேன். குரல்தான் கடைசியாக வந்தது.

வைகாசியில் ஒருநாள் விடிய, பல் தீட்டிக்கொண்டு கிணற்றடியில் நிற்கிறேன், கதவடியிலிருந்து அந்தச் சத்தம். பழைய உரப்பு முழுதாக இல்லை, ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. ஆனால் அதே குரல். "மூலைக்காணி அண்ணை, இன்னும் படுக்கையோ?" வாயைக்கூடக் கொப்பளிக்காமல் மண்வெட்டியோடு வரம்புக்கு ஓடினேன். ஒவ்வொரு முறையாக வந்தது. எட்டாவது, ஒன்பதாவது. பத்தாவது காணியைக் கூப்பிட்டார். பிறகு பன்னிரண்டாவதை.

மனைவி பின்னால் வந்து நின்றார். "கூப்பிட்டவாவோ?"

"இல்லை."

"தண்ணி?"

குனிந்து பார்த்தேன். என் வயல் வாயில் மண் வெட்டப்பட்டிருந்தது. தண்ணீர் பயிருக்குள் போய்க்கொண்டிருந்தது. என் முறைக்குரிய நேரம் முழுவதும், ஒரு நிமிடமும் குறையாமல் அது ஓடியது.

அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். மனைவியோடு அவருக்கு நெருக்கமான கொண்டாட்டம், வீட்டுக்கும் வந்து போவார், எனக்கும் "சுகமோ மாஸ்ரர்" என்று ஒரு வார்த்தை உண்டு. வாய்க்காலில் மட்டும் என்னைக் கூப்பிடுவதில்லை. என் காணிக்குத் தண்ணீர் ஒருமுறையும் தவறியதில்லை. அது அவருடைய நியாயம், நான் கேட்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறைக்கும் விடிய வரம்பில் போய் நின்று, பத்தாவது காணிக்கும் பன்னிரண்டாவது காணிக்கும் இடையில் வருகிற அந்தச் சிறு மௌனத்தை முழுதாகக் கேட்ட பிறகுதான் மண்வெட்டியை எடுக்கிறேன்.