ஹனீபா நானாவின் பச்சைப் புள்ளி

நான் இப்போது வாழும் நோர்வேச் சிற்றூரில், பாதையோரமாக ஒரு மரப்பெட்டி நிற்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே முட்டை அட்டைகள் அடுக்கியிருக்கும். விற்பதற்கு ஆள் கிடையாது. கதவின் உட்பக்கம் ஒரு கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. தொலைபேசியைக் காட்டிப் பணத்தை அனுப்பிவிட்டு முட்டையை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். வந்த புதிதில் ஒருநாள், பணத்தை அனுப்பிவிட்டு, முட்டையைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றேன். குளிரில் காது மரத்துப்போனது. நாயோடு நடந்து வந்த ஒரு பெண் நின்று, ஏதாவது பிரச்சினையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, பணம் போய்விட்டது என்றேன். பிறகு எதற்காகக் காத்திருக்கிறாய் என்றாள். பணம் வந்துவிட்டது என்று யாராவது சொல்லவேண்டாமா என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் தொலைபேசியில் காசு அனுப்பத் தெரியாதவள் என்று முடிவுகட்டி, தன் தொலைபேசியை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டிப் படிப்பித்தாள். கண்டியில் கடை கடையாக ஏறி இறங்கி இதையே ஊருக்கெல்லாம் படிப்பித்தவள் நான். வாயை மூடிக்கொண்டு பாடம் கேட்டேன்.

நானும் சமிந்தவும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். கண்டி நகரத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடி அறையில் எங்கள் கம்பனியைத் தொடங்கினோம். சில்லறைக் கடைக்காரர்கள் தொலைபேசியாலேயே பணம் வாங்குவதற்கான செயலி, அவ்வளவுதான் சரக்கு. யுத்தம் முடிந்து வருஷங்கள் ஓடியிருந்தன. இனி ஆட்கள் காசைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள், வேறெதையும் பற்றி இல்லை என்று நாங்கள் மனதார நம்பினோம். இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. சமிந்த கணினியோடு மல்லுக்கட்டுவான். எனக்கு வாய் நீளம் என்பதால் கடைக்காரர்களோடு மல்லுக்கட்டுவது என் வேலை. முதலீட்டாளர்களுக்குப் பிடித்தது எங்கள் வரைபடம். செயலியைத் திறந்தால் கண்டியும் சுற்றுப்புறமும் விரியும்; எங்கள் கடைகள் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு புள்ளியைத் தொட்டால் கடைக்காரரின் பெயர் வரும், அதன் கீழே பணம் கட்டலாம்.

குண்டசாலையைத் தாண்டிப் பல்லேகலைக்குப் போகும் வழியில் ஒரே வரிசையாகச் சில கடைகள். ஒரு பேக்கரி, ஒரு தையல்கடை, ஹனீபா நானாவின் பலசரக்குக் கடை, அதை ஒட்டினாற்போல் ஆணியும் கம்பியும் விற்கும் குணதாச முதலாளியின் ஹாட்வெயார். நானா என்றால் முஸ்லிம்களிடையே அண்ணன்; அவருடைய போர்டில் நியூ லக்கி ஸ்டோர்ஸ் என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கத்துப் போர்டுகள் பலதும் அப்படித்தான், லக்கி, சிட்டி, ராஜா என்று யாருடையதென்று பிடிகொடுக்காதவை. பதிவு செய்யும்போது நானா தயங்கினார். "கடைப் பேரு காணும்தானே மகள், என்ட பேரு எதுக்கு?" என்றார். வங்கிக்கணக்கில் உள்ள பெயர்தான் வாடிக்கையாளருக்குத் தெரியவேண்டும், அது வங்கியின் சட்டம் என்றேன். கொஞ்ச நேரம் கியூஆர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தராசுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வரிசையில் எங்கள் செயலியை அதிகம் பாவித்தவர் அவர்தான். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. யாராவது பணம் அனுப்பினால் அவருடைய தொலைபேசி டிங் என்று சத்தமிடும். உடனே அவர் தலையை நிமிர்த்தி, "சல்லி வந்தீக்கி, போய்ட்டு வாங்க" என்பார். அதைக் கேட்காமல் ஒருவரும் படியிறங்கமாட்டார்கள். திரையிலேயே வருகிறதே, எதற்கு வாயால் வேறு சொல்கிறீர்கள் என்று நான் கிண்டல் செய்வேன். திரையை யார் பார்ப்பது, வாயால் சொன்னால்தான் வியாபாரம் என்பார்.

பிறகு அந்த வாரம் வந்தது. கண்டியைச் சுற்றி முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் சிங்களக் கும்பல்கள் எரித்த வாரம். ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். மடுல்கெல்லையிலிருந்து அப்பா அழைத்தார். தேயிலைத் தோட்டத்திலே பிறந்து வளர்ந்த மனிதர்; எண்பத்துமூன்று கலவரத்தையும் அதற்கு முந்தியதையும் உடம்போடு வைத்திருப்பவர். "இந்தத் தடவ நம்மள இல்ல புள்ள. நீ வீட்டுக்குள்ளயே இரு" என்றார். கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வந்த நிம்மதியை நினைத்து உடனே வெட்கமும் வந்தது. இரண்டில் எது நான் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஊரடங்கை அவர்கள் சில மணிநேரம் தளர்த்தும்போது ஆட்கள் கடைக்கு ஓடினார்கள். வங்கிகள் பூட்டியிருந்ததால் கையில் காசில்லை. இணையத்தில் பாதியை முடக்கியிருந்தார்கள், எங்கள் செயலி மட்டும் எப்படியோ நொண்டி நொண்டி ஓடியது. அரிசியும் பால்மாவும் அதைக்கொண்டுதான் வாங்கினார்கள். அந்த நேரத்தில்தான் நானா அழைத்தார். "மகள், என்ட பேர அதுலேந்து எடுத்துடுங்க" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, விலை மாற்றச் சொல்வதுபோல. பெயரை எடுத்தால் புள்ளியும் போய்விடும், பணம் வாங்க முடியாது என்றேன். பரவாயில்லை என்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பாதையிலிருந்த மற்ற முஸ்லிம் கடைக்காரர்களும் அழைத்தார்கள். நான் ஒவ்வொரு புள்ளியாக அழித்தேன்.

சமிந்த என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தான். பிறகு, இப்போதுதான் நன்றாகத் தெரிகிறது என்றான். அவன் சொன்ன பிறகுதான் நானும் கண்டேன். கடை வரிசை தெரிந்த எவனும், அதில் எங்கே புள்ளி இல்லையோ அதுதான் முஸ்லிம் கடை என்று விரலை வைத்துச் சொல்லலாம். பெயர் இருந்தபோதாவது ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பப் போட்டால் பெயர் தெரியும், போடாவிட்டால் இடைவெளி தெரியும். எல்லாவற்றையும் அணைத்துவிடலாம் என்றால், காசில்லாமல் கடை வாசலில் நிற்பவர்களுக்கு யார் பதில் சொல்வது? நானும் சமிந்தவும் வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்திச் சண்டை போட்டோம். அவன் சிங்களத்தில் கத்தினான், நான் தமிழில் கத்தினேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் கத்தினோம் என்பது பிறகுதான் உறைத்தது.

நாங்கள் முடிவெடுக்கும் முன்னரே தொலைபேசி அடித்தது. குணதாச முதலாளி. "மகே கடயத் அயின் கரன்ன, மிஸ்" என்றார். என்னுடைய கடையையும் எடுத்துவிடுங்கள் என்று அர்த்தம். ஏன் என்று கேட்டேன். எடுத்துவிடுங்கள் என்று மறுபடியும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சற்று நேரத்தில் பேக்கரிக்காரர் அழைத்தார், பிறகு தையல்கடைக்காரர். அந்த வரிசை முழுவதும் வரைபடத்தில் வெறும் பாதையாகிப் போனது. இனி அங்கே யாருடைய கடை எது என்று எங்கள் செயலியால் சொல்ல முடியாது. சமிந்தவின் கண் கலங்கிவிட்டது. பார்த்தாயா, மனிதர்கள் இருக்கிறார்கள் என்றான். நானும் நம்பினேன்.

மறுநாள் பட்டப்பகலில் நானாவின் கடையை எரித்தார்கள். வரைபடம் பார்த்து வந்ததுபோல் தெரியவில்லை. நேரே அங்கேதான் போனார்களாம். ஹாட்வெயாரின் பக்கச்சுவர் மட்டும் கறுத்தது.

ஊரடங்கு எடுத்ததும் போனேன். உருகிய தகரத்துக்கும் கரிந்த பருப்பு மூட்டைகளுக்கும் நடுவில், பக்கத்துக் கடையிலிருந்து இரவல் வாங்கிய கதிரையில் நானா உட்கார்ந்திருந்தார். குணதாச முதலாளியும் அருகில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவரச் சொன்னார். நான் கேள்விப்பட்ட கதைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நானாவின் மனைவியும் பிள்ளைகளும் கடை எரிந்த அன்று காலையிலிருந்தே குணதாச முதலாளியின் வீட்டுக்குள் பத்திரமாக இருந்தார்கள் என்றார்கள். முதலாளியின் மருமகன் அந்தக் கூட்டத்தில் நின்றதைக் கண்டோம் என்றும் சொன்னார்கள். இரண்டையும் என் காதில் போட்டவர் ஒரே ஆள், பேக்கரிக்காரர். அப்படியானால் முதலாளி தன் பெயரை எடுக்கச் சொன்னது நானாவை மறைக்கவா? வரப்போவது முன்பே தெரிந்துதானா? இல்லை, வெறும் பயமா? முதலாளி கோப்பையை வைக்கத் தன் கடைக்குள் போன இடைவெளியில் நானாவிடம் மெல்லக் கேட்டேன், அவர் ஏன் தன் பெயரை எடுக்கச் சொன்னார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று.

"அதக் கேக்காதீங்க மகள்," என்றார் நானா. "நானும் கேக்கல்ல. கேட்டா, நாளைக்கு எனக்கு அவரோட பக்கத்துல கட தொறக்க ஏலாது."

மறுபடியும் கடை திறந்தார். புதுப் பலகைகள், பழைய தராசு. திறந்த அன்றே என்னை அழைத்து, பச்சைப் புள்ளியைத் திரும்பப் போடச் சொன்னார். பெயர் என்று நான் இழுத்தேன். முழுப் பெயரையும் போடுங்கள் என்றார். போட்டேன். குணதாச முதலாளிக்கும் அழைத்துக் கேட்டேன். பார்ப்போம் மிஸ் என்றார். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். முதலீட்டாளர்கள் கண்டி வேண்டாம் என்று கையை விரித்தார்கள். சமிந்த வேறொரு வேலைக்குப் போய்க்கொண்டே, மிச்சமிருக்கும் கடைகளுக்காகச் செயலியை உயிரோடு வைத்திருக்கிறான். எனக்கு நோர்வேயில் வேலை கிடைத்தது. ஓடிவந்தேனா, முன்னேறி வந்தேனா என்று கேட்காதீர்கள். கேட்டால் எனக்கும் தெரியாது.

போன வாரம் அந்த முட்டைக்காரரைக் கண்டேன். பெட்டியில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "செல்வராணி பெரியசாமி!" என்று என் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். என் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. தான் தப்பாக உச்சரித்துவிட்டதாக நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டார். திரும்பவும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு தன் தொலைபேசியைக் காட்டினார். நான் முட்டை வாங்கிய ஒவ்வொரு முறையும் என் பெயர் அதில் விழுந்திருந்தது. நல்ல நீளமான பெயர், வீட்டில் எல்லோருக்கும் இப்போது பாடம் என்று சிரித்தார். பெயர் தெரியாமல் பணம் அனுப்ப வழியிருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்றார். எங்கிருந்து தொடங்குவது? நானும் சிரித்து வைத்தேன்.

அவர் போன பிறகு, அந்தப் பெட்டியருகிலேயே நின்று எங்கள் பழைய செயலியைத் திறந்தேன். திரையில் பனியும் கடலும் விரிந்தன. அடியில் மூன்று மொழியிலும் ஒரு வரி வந்தது: உங்களுக்கு அருகில் நம் கடைகள் இல்லை. நான் எழுதிய வரிதான். விரலால் வரைபடத்தை இழுத்து இழுத்துக் கண்டிக்குக் கொண்டுபோனேன். பல்லேகலைப் பாதையில் அந்த வரிசையில் ஒரேயொரு பச்சைப் புள்ளி, நானாவின் முழுப் பெயரோடு. இரண்டு பக்கமும் வெறுமை. என்ன நினைத்தேனோ, அதைத் தொட்டு, குறிப்பில் முட்டை என்று எழுதி, ஒரு அட்டை முட்டையின் விலையை அனுப்பினேன். என் கண்டி வங்கிக்கணக்கு இன்னும் சாகவில்லை. அனுப்பிவிட்டு, வழக்கம்போல நின்றேன்.

தொலைபேசி அடித்தது.

"சல்லி வந்தீக்கி மகள்," என்றார் நானா. பின்னால் யாரோ சிங்களத்தில் ஆணி விலை கேட்கும் சத்தம் கேட்டது. "முட்டய எடுத்து வெச்சீக்கிறேன். எப்ப வாறீங்க?"

என் கையில் நோர்வே முட்டைகள் இருந்தன. வாறேன் நானா என்றேன்.