அளவு சரியாக இருந்த டி-ஷர்ட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திருப்பூரில் ஒரு தனியார் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பின்னலாடைத் தரக் கட்டுப்பாடு வகுப்பு எடுக்கிறேன். மாணவர்கள் எல்லாரும் வாரத்தில் ஆறு நாள் பனியன் கம்பெனியில் உழைத்துவிட்டு, இருக்கும் ஒரே லீவையும் எனக்குக் கொடுப்பவர்கள். அவர்களுக்கு நான் என்ன கொடுத்தேன்? ஆங்கிலத்தில் நோட்ஸ். நான் வாசிப்பேன், அவர்கள் எழுதுவார்கள். பதினொரு மணிக்குப் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். உடனே கத்துவேன். கத்துவதைத்தான் பாடம் நடத்துவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், என்னத்தைச் சொல்ல.

மூன்றாவது பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். முப்பத்தைந்து வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பத்து வருடமாக ஓவர்லாக் மெஷினில் குனிந்து தைத்ததில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. இனி மெஷினில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் சான்றிதழைக் கொண்டுவந்தால், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலைக்கு மாற்றுவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. இல்லையென்றால் மறுபடி அதே மெஷின், அதே வலி. சேரும்போதே இதையெல்லாம் என்னிடம் சொன்னவர்தான். ஆனால் வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "வாயில என்ன கொழுக்கட்டையா? உனக்கெல்லாம் இது ஒத்து வராதும்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு செய்முறை வகுப்பு. மாணவர்களில் அயர்ன் மாஸ்டர் ஒருவர் இருந்தார், பொங்கலூர்க்காரர். கல்லூரியின் நீராவி மேசையில் ஒரு டி-ஷர்ட்டைத் தேய்த்துக் கொடுத்தார். வாங்கி விரித்து, டேப்பை வைத்து மார்புக்குக் குறுக்கே ஒரு பக்க அளவு எடுத்தேன். இருபது அங்குலம். அளவுச் சீட்டில் இருந்தபடி, இம்மி பிசகவில்லை. "பாஸ்!" என்று பெருமையாகச் சொன்னேன்.

"சார், அது பாஸ் இல்ல" என்று மூன்றாவது பெஞ்சிலிருந்து குரல் வந்தது. அந்த அம்மாதான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏம்மா, டேப் பொய் சொல்லுதா?"

"டேப் சரிதான் சார். துணி சூடா இருக்குல்லா. அண்ணன் இழுத்து வச்சுத் தேச்சிருக்காவ. ஆறுனா சுருங்கிரும். டீ குடிச்சிட்டு வந்து அளந்து பாருங்க."

அயர்ன் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "ஆமாங்க சார், அளவு பத்தலீன்னு கொஞ்சம் இழுத்துத்தான் உட்டனுங்க. கம்பெனில அப்படித்தானுங்க பண்ணுவோம்."

டீ குடித்துவிட்டு வந்து அளந்தேன். பத்தொன்பதரை. வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஒருவர்கூடத் தூங்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வெட்கக்கேடு என்னவென்றால், தேய்த்த பின்னலாடையை ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று போன மாதம் நோட்ஸ் கொடுத்தவனே நான்தான். அவர்களுக்கும் அது புரியவில்லை, எனக்கும் புரிந்திருக்கவில்லை. அந்த அம்மாவோ, தேய்க்கிறவரின் கை போன போக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அடேயப்பா, என்ன கண் அது!

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு மூணு மாசமா ஏம்மா வாயே தொறக்கல?" என்று கேட்டேன்.

"இன்னையோட நிக்கப் போறேம்லா சார். அதான் பயமில்லாமச் சொல்லிட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "தப்பு என் மேலதானுங்க. நின்னுறாதீங்க. அடுத்த வாரம் வரும்போது உங்க கம்பெனில கழிச்ச துணி நாலு கேட்டு வாங்கிட்டு வாங்க. நோட்ஸ் வேண்டாம், அதை வெச்சே படிக்கலாம்" என்றேன். மரியாதைப் பேச்சுக்குப் பேர்போன கொங்குக்காரன் நான், ஆனால் அவரிடம் 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான். வருகிறேன் என்றும் அவர் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. ஞாயிறு காலை கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தார். கட்டைப்பையிலிருந்து ஐந்து டி-ஷர்ட்டை எடுத்து மேசையில் போட்டு, "ஒவ்வொண்ணுலயும் ஒரு குத்தம் இருக்கு சார். கண்டுபிடிங்க பாப்போம்" என்றார். மூன்றுதான் என்னால் முடிந்தது. மற்ற இரண்டைப் பின்பெஞ்சுக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து கண்டுபிடித்தார்கள். அன்று முதல் என் வகுப்பு அப்படித்தான் நடக்கிறது. ஆளுக்கு ஒரு குற்றம் கொண்டுவருவார்கள். நான் கத்துவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

தேர்வில் அவர் தேறிவிட்டார். சான்றிதழ் வாங்கிய மறுவாரம் கம்பெனியிலிருந்து போன் செய்தார். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"செக்கிங்ல போட்டுட்டாவ சார். எம் மெஷின்ல வேற பிள்ள உக்காந்து தச்சிட்டிருக்கு. இருபது வயசுதான். அதுக்கும் கழுத்து போறதுக்குள்ள, அடுத்த பேட்ச்ல ஒரு எடம் போட்டு வைங்க சார்."