கேசட் அட்டையில் எழுதிய பெயர்

போன வாரம் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். அவளும் தோழிகள் இருவரும் சேர்ந்து பாட்டுப் போடுகிறார்கள். சினிமாவுக்கு இல்லை, தாங்களே எழுதி, தாங்களே பாடி, இணையத்தில் விடுகிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் பாட்டு வருகிறது. எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு பெண்ணின் சாவைப் பற்றியது. "கவர்ல எங்க பேரெல்லாம் உன் கையெழுத்துல இருந்தா நல்லா இருக்கும்மா. எழுதி போட்டோ எடுத்து அனுப்பு" என்றாள். வெள்ளைத்தாளை மேஜைமேல் எடுத்து வைத்து நான்கு நாளாகிறது. பேனா மூடியை இன்னும் திறக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவின் தம்பி மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டை ஒட்டி கேசட் கடை வைத்திருந்தார். வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிவு செய்து தருவார். தக்காளி லாரிக்காரர்கள் கன்னடப் பாட்டும் கேட்டு வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே கடைக்குப் போய்விடுவேன். கேசட் அட்டையில் பாட்டுகளின் பெயரை எழுதுவது என் வேலை. மாமாவின் கையெழுத்து அவருக்கே புரியாது.

என்னதான் நிமிடம் பார்த்துப் பதிந்தாலும் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் கொஞ்சம் டேப் மிஞ்சும். அதில் மாமா தான் கட்டிய பாட்டு ஒன்றைச் சேர்த்துவிடுவார். டவுன் பஸ், பல்வலி என்று எதைப் பற்றியும் பாடுவார். அட்டையில் அதற்கு மட்டும் பெயர் கிடையாது. யார் பாடியது என்று கேட்டால், "சேலத்துல ஒருத்தருங்க" என்பார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

மாதம் தவறாமல் பட்டியலோடு வரும் ஒரு அக்கா இருந்தாள். எங்கள் ஊரில் பெரிய தோட்டத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பெண். தன் வீட்டுக் கிணற்றில், இடுப்பில் பிளாஸ்டிக் கேன் கட்டிவிட்டு, எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள்.

"ஏனுங்கண்ணா, கடைசியா பாடுனவரு தொண்டையில கரண்டி ஏதும் மாட்டிக்கிச்சுங்களா?"

"சளிங்க அவருக்கு. சொல்லி அனுப்பறேன்" என்பார் மாமா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஒரு தடவை பட்டியல் கொடுத்துவிட்டுப் போனவள் கேசட்டை வாங்க வரவில்லை. அந்தக் கிணற்றிலிருந்தே அவளை எடுத்தார்கள். வயிற்றுவலி தாங்காமல் குதித்துவிட்டாள் என்றார்கள். மத்தியானத்துக்குள் எரித்தும் விட்டார்கள். அவளுக்கு யாரோ ஒரு பையனைப் பிடித்திருந்தது என்று பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். என்னைக் கண்டால் நிறுத்திவிடுவார்கள்.

அதன்பின் மாமா பதிந்த எல்லாக் கேசட்டின் கடைசியிலும் ஒரே பாட்டுதான் இருந்தது. நீச்சல் சொல்லிக் கொடுத்தவளே, உன்னைக் கிணறு எப்படி முழுங்கியது என்று கேட்கும் பாட்டு. டீக்கடையில், லாரியில், கல்யாண வீட்டில்கூட அது ஒலித்தது. கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யார் பாடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அதை நிறுத்துடா. உன் குரலு யாருக்கும் தெரியாதா?" என்றாள் அம்மா.

"தெரியட்டும்க்கா. பேரு இல்லாத வரைக்கும் அவ வூட்டு ஆளுங்க என்னான்னு வந்து கேப்பாங்க? கேட்டா அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல."

பேர் போடாமல் யாராவது பாட்டு விடுவார்களா? மறுநாள் ஐந்து அட்டைகளில், கடைசி வரியாக, 'பாடியவர்' என்று போட்டு மாமாவின் பெயரை இனிஷியலோடு எழுதினேன். சிவப்பு மையால் அடிக்கோடும் இட்டேன். அவருக்குத் தெரியாமல் உறைக்குள் செருகிவிட்டேன். தெரியவரும்போது சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த அக்காவின் சித்தப்பா வேறு இருவரோடு வந்து, ஓர் அட்டையைக் கடை மேஜைக் கண்ணாடிமேல் வைத்தார். சத்தமே போடவில்லை.

"இதை யாரு எழுதுனது?"

நான் வாயைத் திறந்தேன். மாமாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. அட்டையை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"நான்தானுங்க."

"பாட்டு?"

"அதுவும் நான்தானுங்க. பாப்பா, நீ வூட்டுக்குப் போ. அம்மா தேடும்."

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் புகார் சொன்னேன், நான் எழுதியதை மாமா தான் எழுதியதாகச் சொல்லிக்கொண்டார் என்று. யாரிடம் சொன்னான் என்று கேட்டாள். சொன்னேன். செருப்புக்கூடப் போடாமல் அவள் ஓடினாள்.

தண்டவாளத்தின் ஓரம் கிடந்த மாமாவை தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வண்டியிலிருந்து விழுந்ததாகப் போலீஸுக்கு எழுதிக்கொடுத்தார். அக்காவின் வயிற்றுவலியைப் போலவே இதையும் ஊர் ஒத்துக்கொண்டது. பின்னர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பேச்சு குழறலாகவே நின்றுவிட்டது. அதன்பின் அவர் பாடி நான் கேட்டதில்லை.

நேற்று மகள் மறுபடி கூப்பிட்டாள். பேர் போடாமல் விட முடியாதா என்று கேட்டேன். "பேர் போடாம யாரும்மா பாட்டு விடுவாங்க?" என்று சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மாமாவைப் பார்க்க என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். பேச முடியாததால் தலைமாட்டில் ஒரு நோட்டு. வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவார். நான் அதைப் புரட்டிப் பார்த்தேன். தண்ணி, வலி, மணி என்ன, எல்லாம் கோணல்மாணலாக இருந்தன.

"இந்த எழுத்தை வச்சுக்கிட்டு என்னுதை உங்களுதுன்னு சொன்னீங்களே மாமா" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். மாமா நோட்டை வாங்கி, அந்தப் பக்கங்களைக் கிழித்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அவமானமாகிவிட்டது என்று நினைத்து, உள்ளுக்குள் நான் சந்தோஷப்பட்டேன்.